மாதேஸ்வரி வாங்கிய மீன் வண்டி

மாதேஸ்வரி யாரையும் சபிக்கிற ஆள் இல்லை. சபித்துவிட்டால் அதற்குப்பிறகு சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்க வேண்டியிருக்கும். ராஜசேகர் விஷயத்தில் சாமிக்குக்கூட விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு நல்ல மீன் வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இந்த ஓசூர் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத அளவுக்குக் கற்றுக்கொண்டாள்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் காலனியில் அவள் வீடு. அவளும் புருஷன் கங்கப்பனும் அணையில் பிடிக்கிற கட்லாவையும் ஜிலேபி மீனையும் மொத்தமாக எடுத்து, ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் அணையைப் பார்த்துவிட்டு மீன் கேட்பார்கள். மத்தியான வெயிலில் மீன் கண் வெளுத்துப்போகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர்கள் காரை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் வண்டி ஆசை வந்தது. சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு மாதிரி, நாலு பக்கமும் தகரம், ஒரு பக்கத்தை மேலே தூக்கினால் கடை, உள்ளே பெரிய ஐஸ் பெட்டி. கங்கப்பன் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியின் பின்னால் கொக்கி போட்டு எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம்.

கட்டித் தந்தவன் ராஜசேகர். ரோட்டோரம் சொந்த நிலம். ராகி விளைந்த இடத்தில் ஷெட் போட்டு வெல்டிங் மெஷின் இறக்கி, டிராலியும் டிபன் வண்டியும் செய்து விற்றான். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அவனிடம் வண்டி வாங்கப் போனவர்கள் டீ குடிக்காமல் திரும்பியது கிடையாது.

இங்கேதான் மாதேஸ்வரி ஒரு தப்பு செய்தாள். வீட்டுக்கு வாஸ்து பார்ப்பார்கள், கடைக்கும் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் சக்கரம் வைத்த கடைக்கும் பார்ப்போம். தண்ணீர் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஐஸும் தண்ணீர்தானே. அணை ரோட்டில் வண்டியை நிறுத்தினால் அதன் பின்பக்கத்தில்தான் ஈசானியம் வந்தது. ஆகவே ஐஸ் பெட்டியைப் பின்னால் வையுங்கள் என்றாள். வண்டி ரோட்டில் ஓடும்போது, வளைவில் திரும்பும்போது ஈசானியம் எங்கே போகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கங்கப்பனுக்கும் தோன்றவில்லை. ராஜசேகர் மட்டும் ஷெட்டில் கிடந்த இரும்புச் சட்டத்தையும் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்தான்.

"உங்க இஷ்டம்மா. தண்ணி ஈசானியத்துல இருந்தா காசு தங்கும்."

வண்டி வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் கங்கப்பன் ஓசூருக்குப் போய் எட்டு பார் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டு திரும்பினான். பாகலூர் ரோட்டு இறக்கத்தில் பின்னால் இருந்த மீன் வண்டி வாலை ஆட்ட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்ததும் இன்னும் ஆடியது. கடைசியில் குட்டியானையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தது. கங்கப்பனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அன்று சாயங்காலமே ராஜசேகர் காலனி முனையில் இருக்கிற கோவிந்தப்பன் டீக்கடைக்கு வந்தான். தன் வண்டி கவிழ்ந்தது என்று பேர் பரவினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் அவனுக்கு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னான்.

"வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. ஆளு காலையிலயே ஊத்திகினு ஓட்டியிருக்கான். நான் என்னா பண்றது?"

ஊர் நம்பிவிட்டது. நம்பாமல் என்ன செய்யும். கங்கப்பன் ஒரு காலத்தில் குடித்துக் குடித்துச் சாக்கடை ஓரத்தில் கிடந்தவன்தான். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போய், தலையை மொட்டையடித்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்தவன். கல்யாண வீட்டில் பிராந்தி ஊற்றுகிற பந்தலுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டான். ராஜசேகர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அந்தப் பதினோரு வருஷத்தையும் துடைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கால் போனாலும் உயிர் இருக்கிறது, இனிமேலாவது குடியை விட்டுவிடு என்றார்கள். கூடப்பிறந்த தங்கை முனிலட்சுமியும் அதையே சொன்னாள். முதல் பத்துப் பேரிடம் கங்கப்பன் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். பதினோராவது ஆளிடம் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் வாசலைத் தாண்டவில்லை. கட்டைக்கால் வாங்கிக் கொடுத்தும் தாண்டவில்லை. நடக்கும்போது தடுமாறினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டான்.

கால் போனதை மாதேஸ்வரி தாங்கிக்கொண்டாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. சோறு பிசையும்போது ராஜசேகர் முகம் ஞாபகம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள். ஆனால் அவளிடம் ஒரு ஆதாரமும் இல்லை. வண்டி ஏன் ஆடியது என்றே அவளுக்குத் தெரியாது.

அது அவளுக்குத் தெரியவந்தது சிப்காட் தொழிற்பேட்டையில். பிழைப்புக்காகக் கான்ட்ராக்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். லாரிக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர்களுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் போட்டார்கள். வெல்டிங்கில் ஓட்டை இருந்தால், விரிசல் இருந்தால், சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட சாமான் வெளியே போகாது. எட்டாவது வரை படித்த பெண்ணின் ஒரு வட்டத்துக்கு இன்ஜினியர்களே நின்று பதில் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் சுசித்ரா என்கிற இன்ஜினியர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். பின்னால் இழுபட்டுப் போகிற வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அதன் மூக்கில், கொக்கி மாட்டுகிற இடத்தில், உட்கார வேண்டும் என்றாள். பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் மூக்கு லேசாகிவிடும், வால் ஆடும், முன்னால் போகிற வண்டியையும் தூக்கிப் போட்டுவிடும் என்றாள். மாதேஸ்வரி எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் தரையில் சாக்கட்டியால் ஒரு வண்டி வரைந்தாள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி வரைந்து, இது ஐஸ் பெட்டி, எட்டு பார் போடுவோம் என்றாள்.

சுசித்ரா குனிந்து பார்த்தாள். "இப்படி யாருக்கா கட்டினது? விஷயம் தெரிஞ்சவன் கட்டமாட்டானே."

அப்படியானால் பெட்டியைப் பின்னால் வைக்கச் சொன்ன தன் வாய்தான் புருஷனின் காலைத் தின்றது. மாதேஸ்வரி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் அறைந்து அழுதாள். அழுது முடிக்கிறபோதுதான் ராஜசேகர் சட்டத்தையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் கண்ணுக்குள் வந்தது. பத்து வருஷமாக டிராலி கட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கட்டினான், கட்டிவிட்டுப் பழியைக் கங்கப்பன் வாயில் ஊற்றினான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் வாயாலேயே, நாலு பேர் முன்னால், எனக்குத் தெரியும் என்று அவனைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்குப்பிறகு அவளுக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை.

மறுபடியும் மீன் வண்டி வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது கங்கப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

முதலில் நேர்மையாகவே நாலு ஷெட் ஏறி இறங்கினாள். கையில் இருந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு நல்ல வண்டி கிடைக்குமா என்று பார்த்தாள். சூசூவாடிப் பக்கம் ஒருவன் பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தான். இவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தான். இன்னொரு ஷெட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தரையில் ஊற்றினாள். ஐஸ் உருகினால் தண்ணீர் தானாக வெளியே ஓட வேண்டும், அங்கே மூலையில் குட்டை கட்டி நின்றது. "ஆறே மாசத்துல பலகை உளுத்துடும்ண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அத்திப்பள்ளி தாண்டி ஒரு கன்னடக்காரர் கட்டிய வண்டி அருமையாக இருந்தது. கனமான அச்சு, பெட்டிச் சுவருக்குள் நாலு விரல் தடிமனுக்கு ஃபோம், ஐஸ் இரண்டு நாள் நிற்கும். விலையைக் கேட்டதும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அந்த மனுஷர், இந்த அம்மா வண்டிக்கு அடியில் படுத்து அச்சைப் பார்த்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

கடைசியாக ராஜசேகரிடம் போனாள். அவன் முதலில் மிரண்டான். அவள் கும்பிட்டு, "பழசெல்லாம் எதுக்குண்ணா, எங்க நேரம்" என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. கால் போன குடும்பமே மறுபடியும் தன்னிடம் வண்டி வாங்க வந்திருக்கிறது. தன் வண்டியில் குறை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். விலையைக்கூடக் குறைத்தான். பெட்டியை இடம் மாற்றினால்தான் போன தடவை கட்டியது தப்பு என்று ஆகிவிடும்.

"பெட்டி ஈசானியத்துலதானேம்மா?"

"போன தடவை மாதிரியே கட்டுங்கண்ணா."

ஆயுத பூஜை அன்று ராஜசேகர் ஷெட்டில் அமர்க்களம். அந்தச் சமயத்தில் கட்டி முடித்த வண்டிகளை எல்லாம் அன்றைக்குத்தான் சாவி கொடுத்து அனுப்புவான். கிருஷ்ணகிரியிலிருந்து, தளியிலிருந்து வாங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர். கோவிந்தப்பனையும் காலனி ஆட்களையும் ராஜசேகரே கூப்பிட்டு அனுப்பியிருந்தான், மாதேஸ்வரி தன்னிடம் சாவி வாங்குவதை அவர்கள் பார்க்க வேண்டுமாம். மீன் வண்டி என்றால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. சூடம் காட்டி முடித்ததும் தன் செலவில் ஒரு பார் ஐஸைத் தன் கையாலேயே பெட்டியில் வைப்பான். முதல் ஐஸ் ராஜசேகர் கை என்று பேர்.

கங்கப்பன் வரவில்லை. ராஜசேகர் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டான்.

பூசணிக்காய் உடைத்தார்கள். ராஜசேகர் சிரித்துக்கொண்டே ஒரு பார் ஐஸை வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மாதேஸ்வரி தட்டவில்லை.

"ஒண்ணு போதாதுண்ணா. நாங்க எட்டு பார் போடுவோம். கொண்டாந்திருக்கேன்."

வாசலில் ஒரு ஆட்டோவில் ஏழு பார் ஐஸ் கோணிப்பையில் சுற்றிக் கிடந்தது. நல்ல நாளில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வேலைக்காரர்கள் தூக்க வந்தார்கள். அவள் வண்டியின் பின்பக்கம் போய், அதைச் சாயாமல் தாங்கிக்கொண்டிருந்த ஜாக்கிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இந்தப் பின் ஜாக்கியத் தூக்குங்க. ரோட்டுல ஜாக்கி போட்டுகினா போவோம்?"

"அது எதுக்கும்மா இப்ப?" என்றான் ராஜசேகர். குரல் இறங்கியிருந்தது.

"அட தூக்கித்தான் காட்டேன்யா. அந்தம்மா காசு குடுத்து வாங்குது" என்றார் கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர்.

ஜாக்கியைத் தூக்கினார்கள். வண்டி இப்போது இரண்டு சக்கரத்திலும் மூக்குக்கு அடியில் இருந்த முன்கால் ஒன்றிலும் நின்றது. இரண்டாவது பார் போனது, மூன்றாவது போனது. நாலாவதில் முன்கால் தரையில் லேசாக அசைந்தது. ஐந்தாவது பாரை இறக்கி வைத்துவிட்டு ஆள் கையை எடுக்கவில்லை, வண்டியின் மூக்கு விசுக்கென்று ஆகாயத்துக்குப் போனது, பின்பக்கம் தரையில் இடித்து உட்கார்ந்தது. உள்ளே வைத்திருந்த குத்துவிளக்கும் பொரித்தட்டும் சரிந்து விழுந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெண் பயந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரி தூக்கி நின்ற மூக்கை நிதானமாக ஒரு தடவை சுற்றி வந்தாள். அவளுக்கு அது இனித்தது.

"இன்னும் மூணு பார் இருக்கு. அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு எட்டையும் ஏத்திகினு வந்தாரு. இந்த வண்டிய ஓட்டறதுக்குக் குடிச்சிருக்கணுமா அண்ணா?"

கோவிந்தப்பன் ராஜசேகரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ராஜசேகருக்கு வேர்த்தது. இத்தனை வருஷமாகத் தேன் ஒழுகிய வாய் வறண்டு போனதை மாதேஸ்வரி கண்ணால் பார்த்தாள். சிக்கிக்கொண்டவன் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான் என்று அவளுக்குத் தெரியும். எதை எறிவான் என்பதும் தெரியும். அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"எம்மேல ஏன்மா பழி போடற? ஈசானியத்துல வையின்னு சொன்னது யாரு? நீதானே சொன்ன. பாரம் பின்னால போனா மூக்குத் தூக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கேட்டியேன்னு வெச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

மாதேஸ்வரி அவன் கிட்டே போனாள். அதுவரை அவனை அண்ணா என்றும் நீங்க என்றும் சொன்னவள்.

"ஆமா, நான்தான் கேட்டேன். தெரியாம கேட்டேன். நீ தெரிஞ்சு கட்டின. தெரிஞ்சு கட்டிட்டு, எம் புருஷன் குடிச்சான்னு சொன்ன. யாருகிட்ட சொன்னியோ அவங்கெல்லாம் இங்கதான் நிக்கறாங்க. இப்பச் சொல்லு. குடிச்சிருந்தாரா?"

ராஜசேகர் தரையைப் பார்த்தான். வண்டி வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வண்டிக்கு அடியில் ஏற்கனவே குனிந்துவிட்டார்கள். ஒருவர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிற குரல் பின்னால் கேட்டது.

"இல்ல" என்றான்.

"கேக்கல."

"குடிக்கலம்மா. கங்கப்பன் குடிக்கல."

கோவிந்தப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஊருக்குச் செய்தி போய்விட்டது என்று அர்த்தம்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் மாதேஸ்வரியை நல்லவள் என்று சொல்லலாம். அவள் போகவில்லை. இடுப்பிலிருந்து சிவப்புச் சாக்கட்டியை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க வண்டியைச் சுற்றி வந்து வட்டம் போட ஆரம்பித்தாள். வெல்டிங்கில் ஓட்டை, ஒரு வட்டம். பட்டி பூசின மூலை, ஒரு வட்டம். தண்ணீர் ஓடாத தரை, போல்ட் போடாத கீல், தெர்மோகோல் அடைத்த பெட்டிச் சுவர். பதினேழு வட்டம் போட்டாள். கடைசியாகப் பெட்டி இருந்த இடத்தில் பெரிய வட்டம் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கு ஒரு அம்புக்குறி இழுத்தாள்.

"இதெல்லாம் சரி பண்ணித் தரணும். பேசின விலைதான், ஒரு ரூபா கூடக் கிடையாது. பண்ணும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

ராஜசேகரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் நிற்கிற மற்ற வண்டிகளும் போய்விடும். ஒன்பது நாள், ஷிப்ட் முடிந்ததும் அவள் நேராக ஷெட்டுக்கு வந்து நின்றாள். அவன் குனிந்து வெல்டிங் வைத்தான். இரண்டு இடத்தில் மறுபடியும் வட்டம் போட்டாள், மறுபடியும் வைத்தான். பத்தாவது நாள் எட்டு பார் ஐஸைப் போட்டு நாலு பேரைப் பின்பக்கம் ஏற்றிப் பார்த்தாள். மூக்கு அசையவில்லை. அத்திப்பள்ளிக்காரர் வண்டிக்குக் கொஞ்சமும் குறையாத வண்டி, அதில் பாதி விலைக்கு. அவள் தன் வாழ்நாளில் செய்த ஒரே லாபமான வியாபாரம் அது என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் பெயின்டர் வந்தான். பின்பக்கம் என்ன எழுதணும் என்று கேட்டான். வழக்கமாகச் சாமி பேரோ பிள்ளைகள் பேரோ எழுதுவார்கள். மாதேஸ்வரி ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். பெயின்டர் படித்துவிட்டு ராஜசேகரைப் பார்த்தான். ராஜசேகர் உள்ளே போய்விட்டான்.

வாடகைக் குட்டியானை ஒன்று இழுத்துவர வண்டி காலனிக்கு வந்து நின்றபோது கங்கப்பன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான். காலனி ஆட்கள் பின்பக்கம் கூடி எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டைக்காலை மாட்டிக்கொண்டான். மூன்று வருஷத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி, ஒரு இடத்தில் தடுமாறி, சமாளித்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் எழுத்தில், கங்கப்பன் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, எல்லா வண்டியிலும் போடுவது போல, கட்டியவர் ராஜசேகர் என்று பேரும் போன் நம்பரும். இந்த எழுத்தோடு அந்த வண்டி இனிமேல் தினமும் பாகலூர் ரோட்டில் போகும், வரும்.

கங்கப்பன் ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு பொண்டாட்டியைப் பார்த்தான்.

"நம்பரு சரியா எழுதியிருக்கானான்னு பாத்தியா? கேக்கறவங்க அவனையே போன் பண்ணிக் கேட்டுக்கட்டும்."